முக்கில் நின்ற கறுப்புக் கொடி

போட்டோக்காரர் உதுமான் நல்லதென்று நினைத்துக் கொடுத்த போட்டோவே சோலைமலையை லாக்கப்பில் தள்ளிவிட்டது. மனசு கேட்காமல், சோலைமலையின் மனைவி கருப்பம்மாளை அழைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற ஏட்டு லட்சுமிகாந்தத்தின் வீட்டுக்கு வந்தார் அவர்.

அறுபத்திரண்டாம் வருஷம், தீபாவளி சீசன். லாரிகளின் வேகத்துக்குப் பயந்து, சிவகாசிப் பள்ளிக்கூட முக்கில் கொடி காட்டச் சோலைமலையை நிறுத்தியிருந்தார்கள். சிவப்பு தூக்கினால் வண்டி நிற்க வேண்டும், பச்சை என்றால் போகலாம். வியாழக்கிழமை காலை, ஒரு வெடிக் கம்பெனி லாரி வேகமாக வந்து, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சின்னத்தாயை அடித்துக் கொன்றது. சோலைமலை பச்சையைக் காட்டினான் என்று கம்பெனி மேனேஜர் சாதித்தார். பார்த்தவர்கள் வாயே திறக்கவில்லை. அவரவர் வீட்டில் ஓர் ஆளாவது அந்தக் கம்பெனியில் கூலி வாங்கிக்கொண்டிருந்தார். செத்தவள் மேல் ஒருவருக்கும் இரக்கமில்லையே என்றுதான் உதுமான் தன் போட்டோவைப் போலீசில் கொடுத்தார்.

எதிரே புதுக்கடைத் திறப்பு விழாவை உதுமான் அந்நேரம் படம் எடுத்திருந்தார். வாசலில் கட்டிய வாழைமரம், பக்கத்தில் தபால் பெட்டி, ஓரத்தில் லாரிக்கு முன்னால் கொடி தூக்கிய சோலைமலை. கறுப்பு வெள்ளைப் படத்தில் கொடி கறுப்பாக விழுந்திருந்தது. பச்சையும் இருட்டாகத்தான் விழும் என்று மேனேஜர் சொல்ல, போலீசும் தலையாட்டிவிட்டது.

லட்சுமிகாந்தம் படத்தை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "சிவத்த மாப்பிள்ளை கூட ஒங்க படத்துல கறுத்துப் போறாருன்னு ஊரே கேலி பண்ணுதே, பாய். இதை எந்த வெளிச்சத்துல கழுவுவீக?"

"சிவப்பு விளக்குலதான், ஏட்டையா. நம்ம பழைய ஃபிலிமுல சிவப்பு வெளிச்சம் ஏறாது..." சொல்லிக்கொண்டே வந்த உதுமான் பாதியில் நின்றார். இருபது வருஷமாகச் செய்கிற வேலை, ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை.

மறுநாள் உதுமானும் கருப்பம்மாளும் கூட வர, ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், மேனேஜர், டிரைவர் செல்லப்பாண்டி மூவர் முன்னாலும் போட்டோவை வைத்தார் லட்சுமிகாந்தம்.

"வாழையிலை பச்சை. படத்துல வெளுத்து நிக்கி. தபால் பெட்டி சிவப்பு. அது கறுப்பு. இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதான் கறுத்துப் போச்சு. இப்பக் கொடியைப் பாருங்க."

கொடியும் தபால் பெட்டியும் ஒரே கறுப்பு.

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்லப்பாண்டி முந்திக்கொண்டான். "சிவப்பைப் பாத்தேன், சார். விருதுநகர்ல சரக்கு ஏத்தாம கூட்ஸ் ரயிலை விட்டுட்டா வேலை கிடையாதுன்னு மேனேஜர் இவருதான் சொன்னாரு."

இன்ஸ்பெக்டர் சோலைமலையை வெளியே கொண்டுவரச் சொன்னார். உதுமான் பூரித்துப்போய்க் கருப்பம்மாளைப் பார்த்தார். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"மூணு நாளா எம் புருசன் இதைத்தான சொன்னாரு, சார்," என்றாள் அவள். "தாளு சொன்னா நம்புதீக. மனுசன் சொன்னா ஏன் நம்பல?"

இன்ஸ்பெக்டர் அவளை நிமிர்ந்து பார்க்காமலே விடுதலைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.