வெள்ளைத் துணியில் ஊர்ந்த புள்ளிகள்

பொட்டு செத்துப்போய் மூன்று நாள் ஆகிவிட்டது. நெற்றியில் கறுப்புப் பொட்டோடு பிறந்து வீடு முழுக்கத் துள்ளித் திரிந்த ஆட்டுக்குட்டி, இப்போது கொட்டகைக்குப் பின்னால் மண்ணுக்குள் கிடந்தது. அதன் தங்கையும் நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை. காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் படுத்திருந்தது.

"உண்ணிக் காய்ச்சல்" என்றார் ஊசி போட வந்த கால்நடை மருத்துவர். "இனிமே ஒரு உண்ணிகூட ஒட்டாம பாத்துக்கோங்க."

தும்பிக்குப் பத்து வயது. ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. ஆனால் இந்த மூன்று நாளாக அவள் குட்டியின் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

காலையில் மாமா வேலி ஓரத்திலிருந்து எதையோ கையில் ஏந்தி வந்தார். ஒரு பழுப்புக் குருவி. உயிர் இருந்தது, பறக்கத்தான் முடியவில்லை.

"இங்க பாருக்கா, இதோட கண்ண!"

அம்மா எட்டிப் பார்த்தாள். குருவியின் கண்களைச் சுற்றி, மாலை கோத்தது போலச் சாம்பல் நிற மணிகள் ஒட்டியிருந்தன. குட்டி உண்ணிகள். அவை ரத்தம் குடித்து உப்பியிருந்ததால், குருவியால் கண்ணையே திறக்க முடியவில்லை.

"இதுங்கதான் எங்கேருந்தோ சுமந்துட்டு வந்து நம்ம கொட்டகையில கொட்டுது" என்றார் மாமா. " சாயங்காலம் வேலி முழுக்க விஷம் கலந்த தானியம் போடப்போறேன். ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது."

"கூட்டுல குஞ்சு இருக்கு மாமா!"

"பொட்டு மட்டும் என்ன கிழடா?"

 எப்போதும் தம்பியை அதட்டும் அம்மா திரும்பி அடுப்படிக்குப் போனாள். மாமா குருவியை ஒரு கூடையைப் போட்டு மூடிவிட்டுப் போனார்.

 தும்பியிடம் ஒரு ரகசியம் இருந்தது.

பள்ளி விட்டு வந்ததும் ஆடுகளுக்கு உண்ணி எடுப்பது அவள் வேலை. இடுக்கியால் பிடுங்கி, மண்ணெண்ணெய் பாட்டிலில் போட்டு மூட வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பு, வேலை ஏற்ற முதல் நாள், பாட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். உண்ணி காலை உதைத்துத் துடித்தது. அன்று அவளால் சோறு உண்ண முடியவில்லை.

மறுநாள் முதல், பட்டாணி போல உப்பிய பெரிய உண்ணிகளைச் சுவருக்கு அப்பால் வீசிவிடுவாள். "எங்கயாவது போய்ப் பிழைச்சுக்கோ" என்பாள். கண்ணை மூடி, "சாமி, இதையும் நீதானே படைச்ச" என்று ஒரு கும்பிடும் போடுவாள். பாட்டிலில் பேருக்கு இரண்டு மூன்று மிதக்கும். "பரவாயில்லையே, நம்ம ஆட்டுக்கு உண்ணியே குறைஞ்சுபோச்சு!" என்று அம்மா மெச்சிக்கொண்டாள்.

அந்த உண்ணிகள் எங்கே போய்ப் பிழைத்தன? அதைத்தான் தும்பி இப்போது யோசித்தாள்.

கறுப்பு ஆட்டில் உண்ணி தெரியாது. வெள்ளை ஆட்டில் பட்டென்று தெரியும். அவள் தன் பழைய வெள்ளைச் சட்டையை ஒரு நீளக் குச்சியில் கட்டினாள். முதலில் கூடுகள் இருந்த வேலிக்கு அடியில் தரையோடு தரையாக இழுத்தாள். குருவிகள் கொண்டுவந்து கொட்டுவதானால் அங்கேதான் நிறைய இருக்க வேண்டும். சட்டையில் தூசி ஒட்டியது. வழி தவறிய எறும்பு ஒன்று ஏறியது. அவ்வளவுதான்.

பிறகு சுவருக்கு அப்பால், தான் உண்ணி வீசும் இடத்தில், சருகுக் குவியல்மேல் இழுத்தாள்.

சட்டை முழுக்க எள்ளைவிடச் சிறிய புள்ளிகள். உற்றுப் பார்த்தாள். புள்ளிகள் ஊர்ந்தன.

அவள் பிழைக்கவிட்ட உண்ணிகள் அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருந்தன. பூச்சி தேடிச் சருகு கிளற வரும் குருவிகள்மேல் ஏறி, அவை மறுபடி கொட்டகைக்கே வந்திருந்தன. அவள் உண்ணிக்கு இரங்கினாள். பொட்டு செத்துப்போனது.

கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். யாருக்கும் தெரியாது. சட்டையை நெருப்பில் போட்டுவிட்டால் முடிந்தது. அப்போது கொட்டகைப் பக்கம் வாளியில் தானியம் கொட்டும் சத்தம் கேட்டது.

தும்பி ஓடினாள்.

"மாமா, போடாதீங்க! குருவிங்க எங்கேருந்தும் கொண்டுவரல. நான்தான்."

குச்சியை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கும்பிட்டைக்கூட விடவில்லை. மாமாவின் கை வாளிமேல் அப்படியே நின்றது. அடி விழும் என்று தும்பி தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் அவர், வாளியைக் கீழே வைத்து.

"சொல்லாம இருந்தா குஞ்சுங்க செத்துப்போயிருக்குமே, மாமா."

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். "குருவி சுமக்காமயும் இல்ல. ஆனா ஏத்தி அனுப்புனது நாமதான்."

அம்மா குச்சியோடு சட்டையை வாங்கிக் கொதிக்கும் நீரில் முக்கினாள். "அழுதது போதும். போய்க் குளிச்சிட்டு வேற துணி போடு. காதுக்குப் பின்னாடி, தலை, எல்லாம் பாக்கணும். இல்லன்னா அடுத்த ஆடு நீதான்!"

மூன்று நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

மாமா ஆழமாகக் குழி தோண்டி விஷத் தானியத்தைப் புதைத்தார். சுவர் ஓரத்துச் சருகுகளை வாரிக் கொளுத்தினார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு குருவியை எடுத்தார். துண்டில் சுற்றித் தும்பி பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வோர் உண்ணியாகப் பிடுங்கினார். பதினொன்று. குருவியின் ஒரு கண் திறந்தது. மற்றது திறக்கவே இல்லை. அது கோணலாகப் பறந்து வேலிக்குள் புகுந்தது. உள்ளே குஞ்சுகள் கத்தின.

குட்டி அன்று மாலை இரண்டு வாய் பால் குடித்தது. பிழைக்குமா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

தும்பி பெரிய ஆட்டின் காதுமடலைப் புரட்டினாள். உப்பிய உண்ணி ஒன்று. இடுக்கியால் பிடுங்கி, மண்ணெண்ணெய் பாட்டிலில் போட்டாள். "சாமி, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டாள்.

இந்த முறை கண்ணை மூடவில்லை. அது அசைவது நிற்கும்வரை பார்த்திருந்து, மூடியை இறுகத் திருகிவிட்டு, அடுத்த காதைப் புரட்டினாள்.