நீர் விளாவாத இலை

உமையாள் எழுதி வைத்தது இரண்டு பத்திதான். பால் பொங்கும் வாசனைக்கு எழுந்து ஓடி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் டேப் திரையில் மூன்று இருந்தது.

படித்துக்கொண்டிருக்கும் நாவல் பற்றி ஒன்று, புதிதாக வந்த ஹெட்போன் பற்றி ஒன்று. அதுவரைதான் அவள். சினிமாவுக்கென்று காலியாக விட்ட இடத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'பார்ப்பது தினமும் ஒரே படம். ஒரே வீடு, ஒரு பெண், ஒரு குழந்தை. குழந்தை தூங்கும் காட்சி பிரமாதம்.'

அவள் எழுதிக்கொண்டிருந்த வலைப்பூ அவள் புருஷன் தெய்வசிகாமணியுடையது. திருபுவனை கம்பெனியில் மிஷின் ஓட்டியவன். ஞாயிறு தவறாமல் புத்தகம், கருவி, சினிமா என்று மூன்றைப் பற்றியும் எழுதுவான். ஐப்பசி மழையில் விழுப்புரம் ரோட்டில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தான். 'என்ன தெய்வா, ஆளையே காணோம்' என்று முகம் தெரியாத யாரோ வலைப்பூவில் கேட்டிருந்தார்கள். செத்துவிட்டார் என்று அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. வேலை அதிகம் என்று அவன் பேரிலேயே பதில் போட்டாள். பிறகு அவனைப் போலவே எழுதவும் பழகிவிட்டாள். எழுதும் நேரம் மட்டும் வீட்டில் அவன் இருப்பது மாதிரி இருந்தது.

இப்போதும் இருந்தது. கூடத்தில், சாம்பிராணியும் ஈரத் துணியும் சேர்ந்து வீசும் வாடைக்கு அடியில், அவன் சட்டையைத் துவைக்கும்போது எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அந்த மிஷின் எண்ணெய் நாற்றம் மெல்ல ஏறி வந்தது.

மகள் ப்ரீத்தி நினைவுக்கு வந்தாள். ஏழு வயது. கொஞ்ச நாளாக ராத்திரியில் சோறு வேண்டாம் என்கிறாள், கன்னமெல்லாம் ஒட்டிவிட்டது. கேட்டால், அப்பா ஊட்டிவிட்டார் என்பாள். பிள்ளைப் பேச்சு என்று இவளும் விட்டிருந்தாள்.

மாமியார் கனகாம்பாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். உமையாள் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கருமாதி படையல்ல அவன் டேப்பையும் எலையில வெச்சியே. நான் தண்ணி சுத்தறப்போ அது எங்கடி இருந்துச்சி?"

"எடுத்துட்டேன் அத்த. தண்ணி பட்டா பூடும்னு."

கனகாம்பாள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். "எலையில வெச்சத பாதியில எடுத்தா அவன் எப்பிடிடி எழுந்திரிப்பான்? இன்னும் சாப்ட்டுகினுதான் கீறான்."

மறுபடி படைத்து அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. இந்தத் தடவை தண்ணீர் டேப்பின் மேலேயே போகட்டும். ப்ரீத்தியைப் பக்கத்து வீட்டு இளவரசியிடம் விட்டார்கள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, அவன் படத்துக்கு முன்னால் ஒரே ஒரு இலை போட்டு, ஓரத்தில் டேப்பை வைத்து, வாசல் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்து நின்றார்கள். செத்தவன் சாப்பிடும்வரை யாரும் பார்க்கக் கூடாது. பிறகு எழுந்திரு என்பதாகக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், இலையைச் சுற்றி நீர் விளாவினால் இலையில் உட்கார்ந்தவர் போய்விடுவார். கனகாம்பாள் கையில் சொம்பு நிறையத் தண்ணீர்.

இன்னும் விளக்கு வைக்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் தவளைகள் கத்தின. பிறகு நின்றன.

உள்ளே இலை சரசரத்தது.

டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம்.

"வந்துட்டான்" என்றாள் கனகாம்பாள். குரலில் பயம் இல்லை. பெற்றவள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இளவரசி தலையை நீட்டினாள். "அக்கா, ப்ரீத்தி உங்க தோட்டத்துக் கதவு வழியா உள்ள ஓடுச்சே, பாத்தியா? அப்பா சாப்ட கூப்டுதுன்னு சொல்லிச்சி."

உமையாளின் கையில் போன் அதிர்ந்தது.

வலைப்பூவில் புதிய பதிவு. ஒரு புகைப்படம். அவன் படம் சாய்த்து வைத்திருக்கும் சுவர்ப் பக்கத்திலிருந்து எடுத்தது. நடுவில் இலை. பாதிச் சோறு காலி. எதிரில், சாத்திய வாசல் கதவுக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு ப்ரீத்தி. வாயைத் திறந்திருந்தாள். படம் எடுத்த பக்கமிருந்து ஒரு கை அவள் வாய்க்கு நேராகச் சோற்று உருண்டையை நீட்டியிருந்தது. மோதிர விரல் பாதிதான். மிஷினில் போன விரல்.

கீழே ஒரு வரி. 'படம் முடிந்தது. இரண்டு பேரும் கிளம்புகிறோம்.'

"அத்த. தண்ணி வேணாம். ஊத்தாத. ப்ரீத்தியும் எலையில உக்காந்துகினு கீறா."

கதவைத் தட்ட ஓங்கிய கையோடு கனகாம்பாள் திரும்பிப் பார்த்தாள். சொம்பு தளும்பியது. அவள் தட்டவில்லை. உமையாளும் தட்டவில்லை.

கதவு உள்ளேயிருந்து தட்டப்பட்டது.

கனமாக, ஒன்று.

அதற்குக் கீழே, இடுப்பு உயரத்தில், மெல்ல இன்னொன்று.