இல்லாத சத்தம்

தோட்டத்துப் பிக்கப்பின் இஞ்சின் பிடித்துக்கொண்டதும் வழக்கம்போல ஒரு குலுங்கு குலுங்கி, கறுப்புப் புகையை ஷெட்டின் தகரச் சுவரில் கக்கி, இருமி, பிறகு மெல்ல நிதானத்துக்கு வந்தது. அந்த நிதானத்துக்கு அடியில்தான் சோலைமலைக்கு அது கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம். சன்னமாக எழுந்தது, இழுத்தது, நின்றது. அவன் சுழற்றுகம்பியைக் கையில் பிடித்தபடியே நின்றான். நின்றுபோனதோ என்று நினைத்த நேரத்தில் மறுபடியும் எழுந்தது.

வெளியே தை மாதத்துப் பனி உப்புத் தூவினாற்போல் புல்லெல்லாம் உறைந்து கிடந்தது. பங்களாவுக்குக் கீழே இருந்த தேயிலை மலையில் கொழுந்துகள் தீய்ந்து பழுப்பேறியிருந்தன. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இந்த மாதங்களில் வண்டி வைத்திருப்பவனுக்கு விடியற்காலைதான் சோதனை. இரவில் ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். காலையில் வெந்நீர் ஊற்றி, சோக்கை இழுத்து, கம்பி சுழற்றித் தோள் கழன்றுபோகும். குளிரில் எந்த இஞ்சினும் நாலு விதமாகக் கத்தும் என்பது தோட்டத்து டிரைவர் சோலைமலைக்குத் தெரியாததல்ல.

சூடேறியதும் சத்தம் அடங்கிவிட்டது. பெல்ட்டாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

மறுநாள் பெல்ட்டின் உள்பக்கம் சவர்க்காரம் தேய்த்தான். சத்தம் வந்தது. அடுத்த நாள் பெல்ட்டையே கழற்றிப் போட்டுவிட்டு இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டான். காற்றாடி சுற்றவில்லை, டைனமோ சுற்றவில்லை, தண்ணீர்ப் பம்பும் சுற்றவில்லை. சத்தம் மட்டும் வந்தது. வால்வுகளைத் திறந்து இடைவெளி பார்த்தான். புகைக்குழாய் இஞ்சினோடு சேருமிடத்தில் காற்றுக் கசியும், குளிரில் மட்டும் கேட்கும், சூட்டில் இரும்பு விரிந்ததும் நின்றுவிடும். அதுதான் என்று ஒரு நாள் முழுக்க நம்பினான். அதையும் கழற்றிப் புது அடைப்பு வைத்து இறுக்கினான்.

ஒரு விஷயத்தை மட்டும் அவன் தனக்குள்ளேயே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். இஞ்சினில் எந்தக் கோளாறாக இருந்தாலும் வேகம் கூட்டினால் சத்தமும் கூட வேண்டும். இது கூடவில்லை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அது தன் போக்கில் வந்தது, இழுத்தது, நின்றது, இளைப்பாறியது.

அவன் மனைவி அம்மாக்கண்ணு அன்று வெந்நீர் வாளியோடு ஷெட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க அது?"

"வால்வு டப்பெட்டு. குளிருக்குக் கத்துது."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். வாளியிலிருந்து ஆவி எழும்பி அவள் முகத்தை மறைத்தது.

"வேலாயியும் இப்புடித்தாங்க," என்றாள் மெதுவாக. "ஒரு வார்த்தை கத்தல. பல்லக் கடிச்சிக்கிட்டு... வலி வர்றப்ப எல்லாம் இப்புடித்தான்." வாளியைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அதற்குப் பிறகு வெந்நீரை வாசற்படியோடு வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

வேலாயி, தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் கடைசி லயத்து மூக்கனின் மனைவி. அவளுக்குத் தலைப்பிள்ளை. மார்கழி முடிகிற நேரத்தில், இன்னும் வெளுக்காத ஒரு காலையில், மூக்கன் ஓடிவந்து சோலைமலையின் கதவைத் தட்டினான். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைப்பாள் என்றான். அம்மாக்கண்ணு முன்னிரவிலிருந்தே அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

தோட்டத்துத் தொரை கொழும்பில் இருந்தார். அவர் மனைவி தொரசாணி அன்று காலை நானுஓயா ஸ்டேஷனில் மெயில் ரயிலிலிருந்து இறங்குகிறாள். பிக்கப்பைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தான் சோலைமலை. முன்பொரு தடவை லயத்து ஆட்களைப் பின்னால் ஏற்றியதற்குத் தொரையிடம் ஏச்சு வாங்கியவன். கம்பளிக்குள் உடம்பு அப்போதுதான் சூடு கண்டிருந்தது. கதவைப் பாதி திறந்து, யோசிக்காமல் சொன்னான்:

"இஞ்சின்ல ஒரு சத்தம் வருது மூக்கா. எடுத்தா நடுவழியில ஒடஞ்சி நின்னுரும். அப்புறம் உம் பொண்டாட்டிக்குத்தான் ஆபத்து."

"அப்புடியாண்ணே," என்றான் மூக்கன். திரும்பி ஓடினான்.

தொரைக்குப் பயந்தானா, குளிருக்குப் பயந்தானா என்று அதற்குப் பிறகு சோலைமலை தன்னை எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். தொரை என்று சொல்லத்தான் ஆசை.

ஆனால் அது கூட இல்லை அவனை அரித்தது. மூக்கனும் ஆட்களும் அவளைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கிப் போயிருப்பார்கள் என்று நினைத்துத்தான் அவன் ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். குறுக்குப் பாதை பனியில் வழுக்கியதால் அவர்கள் ரோட்டோடு போயிருந்தார்கள். மதகு வளைவில், மூட்டத்துக்குள், வழியடைத்துக்கொண்டு ஆட்கள் போவது தெரிந்தது. யாரென்று பார்ப்பதற்கு முன்னால் ஹார்ன் அடித்துவிட்டான். அவர்கள் ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கி வழிவிட்டார்கள். லயத்துக் கதவைக் கழற்றி அதன் மேல் அவளைக் கிடத்தி நாலு பேர் தோளில் தூக்கியிருந்தார்கள். கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது ஒரு கை. விரல்கள் இறுகின, தளர்ந்தன. உயிர் இருந்தது.

நிறுத்தினால் பொய் தெரிந்துவிடும். நிறுத்தவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஓடியது வண்டி.

தொரசாணியோடு திரும்பி வந்தபோது அதே வளைவில் கதவு தரையில் இருந்தது. மேலே சேலை மூடியிருந்தது. ஆட்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

மூக்கன் சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தான் சோலைமலை. காரியம் முடிந்து மூன்றாம் நாளோ என்னவோ, மூக்கன் ஷெட்டுக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"நாங்க கெளம்பின பொறகு சத்தம் சரியாயிருச்சாண்ணே?"

சோலைமலை தலையாட்டினான்.

"நாந்தாண்ணே அவசரப்பட்டுட்டேன். செத்த பொறுத்திருந்தா நம்ம வண்டியிலயே போயிருக்கலாம்." வண்டியின் பின்பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனான். கழற்றிய கதவைச் சாவுக்குப் பிறகு மறுபடி மாட்டக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம். அவன் லயத்துக் காம்பரா அறையின் வாசலில் அன்றிலிருந்து ஒரு சாக்குத்தான் தொங்கியது. அந்தக் குளிரில்.

அதற்கடுத்த வாரம் முதன்முதலாகச் சத்தம் கேட்டது.

இனி தன்னால் முடியாது என்று ஆனபோது தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் சொல்லிவிட்டு, நுவரெலியாவில் கராஜ் வைத்திருக்கும் ராசிக் நானாவிடம் வண்டியைக் கொண்டுபோனான். ராசிக் கேட்டுப் பார்த்தார், சிரித்தார். "சூட்டில ஒண்டும் கேக்காது. இரவைக்கு வெளியில நிக்கட்டும். விடிய சுபஹு தொழுதிட்டு வந்து பாக்கிறன்."

விடியும்போது வண்டி முழுவதும் வெள்ளையாகியிருந்தது. பானெட்டில், கண்ணாடியில், பின்னால் சாமான் ஏற்றும் பலகையில் மாவு சலித்துக் கொட்டினாற்போல் மட்டமாகப் பனி. தொட்டால் விரல் ஒட்டியது. சோலைமலை கம்பி சுழற்றினான். ராசிக் நீண்ட திருப்புளியின் முனையை இஞ்சினில் ஊன்றி மரப்பிடியைக் காதோடு வைத்தார். அப்படிக் கேட்டால் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

முனகல் எழுந்தது.

"கேக்குது," என்றார். வால்வு மூடியில் வைத்தார். "இஞ்ச இல்ல." பம்பில் வைத்தார். டைனமோவில். கீழே குனிந்து எண்ணெய்த் தொட்டியில். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கியர்ப்பெட்டி. இல்லை. வண்டியின் ஓரமாகவே அடி எடுத்து வைத்துப் பின்னால் போனார். கடைசியில், சும்மா விளையாட்டுக்குப் போல, பின்பலகையின் நடுவில் திருப்புளியை ஊன்றிக் காதை வைத்தார்.

நெடுநேரம் அப்படியே இருந்தார்.

காதை எடுத்தபோது முகத்தில் இரத்தமில்லை. கையில் இருந்த திருப்புளியைச் சட்டையில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"சத்தம் முன்னுக்கு இல்ல, சோலைமலை. பின்னுக்கு இருக்கு."

"பின்னால என்ன நானா இருக்கு? வெறும் பலகைதானே?"

"தெரியா." அவர் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. "என்னோட பேசிற மாதிரி இருந்திச்சு. வண்டிய எடுங்க. ஆளுகள் வரமுந்தி கொண்டு போங்க."

நுவரெலியாவைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது வானம் சாம்பல் நிறமாக வெளுத்துக்கொண்டிருந்தது. யூக்கலிப்டஸ் இலைகளின் மணமும், எரிந்த எண்ணெயின் மணமும், அவற்றுக்கு நடுவே வேறொன்றும் அவன் மூக்கில் ஏறியது; பிள்ளை பெற்ற வீட்டில் மட்டும் இருக்கும், இரத்தமும் விளக்கெண்ணெயும் கலந்த அந்த வெதுவெதுப்பான வாடை. கண்ணாடியை இறக்கினான். குளிர் அறைந்தது. வாடை போகவில்லை.

வண்டி கனத்தது. வெறும் வண்டி, இரண்டாம் கியரில் ஏற வேண்டிய மேடு. ஏறவில்லை. முதல் கியருக்கு மாற்றினான். பின்பக்கத்து ஸ்பிரிங் வில்லுகள், பாரம் புரண்டு படுத்தாற்போல், ஒரு பக்கமாக நெரிந்தன. பிறகு மறுபக்கம்.

எவ்வளவு தூரம் ஓடியும் இஞ்சின் சூடேறவில்லை. முனகல் அடங்கவில்லை. நடுவில் விட்டிருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். தலைக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி. திரும்பவில்லை. ரோட்டை மட்டும் பார்த்தான்.

முனகல். மூச்சு. முனகல்.

"தாயே," என்றான். "எந் தாயே, நான் என்ன செய்யிறது?"

மூச்சு. மூச்சு. முனகல்.

இப்போது இடைவெளியே இல்லை. மதகு வளைவு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கையும் அதோடு சேர்ந்து இறுகியது, தளர்ந்தது, இறுகியது.

வளைவின் நடுவில் இஞ்சின் நின்றது.

சத்தமும் நின்றது.

பனி உருகி எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. கானில் தண்ணீர் சலசலத்தது. சோலைமலை கதவைத் திறந்து இறங்கினான். வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தான்.

பின்பலகையில் யாருமில்லை.

பனி மட்டும் கலையாமல் வெள்ளையாக விரிந்திருந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் உருகிப் பலகை தெரிந்தது. ஒருக்களித்த தோள். வளைந்த முதுகு. வயிற்றோடு மடக்கிய முழங்கால்கள். ஆள் படுத்த அச்சு. அந்த ஈரப் பலகையிலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"யாரண்ணே ஏத்திக்கிட்டு வர்றீங்க?"

மேட்டுப் பக்கத்திலிருந்து குரல். மூக்கன். ரோட்டு வேலைக்குப் போட்டிருந்தார்கள் அவனை. தோளில் மண்வெட்டி, தலையிலிருந்து முழங்கால் வரை கறுத்தக் கம்பளி. மூட்டத்துக்குள்ளிருந்து இறங்கி வந்தான்.

"யாருமில்ல மூக்கா. நீ போ."

"என்னண்ணே, இப்புடி வெறும் பலகையில போட்டு..." மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சக்கரத்தில் கால் வைத்து ஏறினான். குனிந்து பார்த்தான்.

கத்தவில்லை. முகத்தில் அழுகை கூட இல்லை. தலையிலிருந்து கம்பளியை உருவினான். விடியற்காலைக் குளிரில் கிழிந்த பெனியனோடு நின்று, கம்பளியை உதறி, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்ல விரித்தான்.

கம்பளி பலகையில் தட்டையாக விழவில்லை.

தோளில் தங்கியது. இடுப்பில் சரிந்தது. முழங்காலில் கூடாரம்போல் நின்றது. பிறகு, சோலைமலை பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, மெதுவாக உயர்ந்து, தாழ்ந்து, உயர்ந்தது. மூக்கன் பக்கத்தில் உட்கார்ந்து ஓரங்களை ஒவ்வொன்றாக உள்ளே செருகிவிட்டான்.

கடைசி ஓரத்தை அவன் செருகும்போது, கம்பளிக்கு உள்ளே, வயிற்றுக்குக் கீழே, முழங்கை அளவுகூட இல்லாத ஏதோ ஒன்று அசைந்து, வெளிச்சத்தைத் தேடி, சோலைமலை நின்றிருந்த பக்கமாக ஊர்ந்து வரத் தொடங்கியது.