தூங்காத வண்டி

மூன்றாவது முறையாகக் காரின் பேட்டரி இறங்கி, வண்டி செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' என்று முனகியபோது அவளுக்குக் கொழுந்தன்மேல்தான் சந்தேகம் வந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மனுக்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. நிறுத்திவைத்த வண்டி தானாக நசுங்கியது என்று சத்தியம் செய்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். தானாக ஒன்றும் நடக்காது. யாரோ கைவைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள்.

மாடி வீட்டில் குடியிருந்த கொழுந்தனிடம் மாற்றுச் சாவி இருந்தது.

"ராத்திரி வண்டியில உக்காந்து பாட்டுக் கேக்கறியா தம்பி?"

"அய்யோ அண்ணி, எனக்கு வேற வேலை இல்லையா?"

அவன் சிரித்த சிரிப்பை அவள் நம்பவில்லை. சாவியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வண்டி ஓடிய தூரத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை தூரம் அப்படியே இருந்தது. பேட்டரி மட்டும் காலி. எரிச்சலில் பின்கதவைத் திறந்து மகனின் பள்ளிப் பையை வெளியே இழுத்தபோது புறங்கை பின்சீட்டின் நடுப்பகுதியில் பட்டது. சூடாக இருந்தது. நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர் இப்போதுதான் எழுந்துபோன மாதிரியான சூடு. வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். குடியிருப்பின் அடித்தளத்தில், பட்டப்பகலிலும் குழல்விளக்கு எரியும் அந்த இடத்தில், வெயில் ஏது?

இதை இப்படியே விட்டுவிட முடியாது. கணவனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில்தான். ஏழு வயது மகனுக்கு மூச்சு இழுப்பு. வந்துவிட்டால் இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் வண்டி கிளம்பவில்லை என்றால்? அப்போதே எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்தாள்.

மதியம் வண்டி எலக்ட்ரீசியன் வந்தார். பேட்டரியில் மீட்டரை மாட்டினார்.

"பூட்டி அரை மணி நேரம் விட்டா எல்லாம் தூங்கிடும்மா. நம்பர் இறங்கணும். இது இறங்க மாட்டேங்குது."

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். பதினோராவதில் எண் சட்டென்று விழுந்தது.

"பின் சீட்டு சென்சார். ஆளு உக்காந்தா பெல்ட் போடச் சொல்லிக் கத்துமே, அது. நடுவுல ஆளு இருக்குன்னு வண்டி நினைக்குது. ஆளு இறங்காம இது தூங்காது."

"சென்சார் போயிடுச்சா?"

அவர் பின்னால் ஏறிச் சீட்டின்மேல் கையை வைத்து அழுத்தினார். வெடுக்கென்று எடுத்தார். அந்தக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு. பேசாம வண்டிய வித்துடுங்கம்மா."

அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்க்கிறார். அவளுக்கா இதெல்லாம் தெரியாது?

"ஒயரப் பிடுங்கிடுங்கண்ணே."

"பிடுங்கிட்டா, யாரு உள்ள இருந்தாலும் வண்டி சொல்லாதும்மா."

"அதை நான் பாத்துக்கறேன்."

அவர் பிடுங்கினார். சீட்டைத் தொடாமல், சாய்ந்து எட்டி, குறட்டாலேயே பிடுங்கினார்.

அதற்குப் பிறகு பத்து நாளும் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. அவளுக்கு ஒரே பெருமை. பையன் மட்டும் பின்னால் ஏறினால் கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "நடுவுல இடமில்லம்மா" என்றான். விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டாள்.

பதினோராம் நாள் மாலை, மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தபோது, அவனுக்கு இழுப்பு வந்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. நெபுலைசரில் மருந்துப் புகை வைத்தும் அடங்கவில்லை. அள்ளிக்கொண்டு ஓடிப் பின்சீட்டில் கிடத்தினாள். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. நல்லவேளை! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வழியெல்லாம் வண்டிகள். முன்கண்ணாடியில் துடைப்பான் தேய்க்கும் சத்தம், கூரையில் மழைச் சத்தம், இவற்றுக்கு நடுவே பின்னாலிருந்து விசில் மாதிரி அவன் மூச்சு. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினாள். அது கேட்கிறவரைக்கும் ஒன்றுமில்லை. கேட்கிறது. இன்னும் கேட்கிறது.

நின்றது.

"கண்ணு?"

மழை. துடைப்பான். வேறொன்றும் இல்லை.

"கண்ணு, அம்மாகிட்ட பேசுடா."

பின்சீட்டு தெரியும்படி, தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியைக் கீழே திருப்பினாள். தெருவிளக்கு உள்ளே வந்து போனது. அடுத்த விளக்கு. மல்லாந்து கிடந்தான். தலை சீட்டில் படவில்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், மடியில் சாய்த்த மாதிரி புதைந்திருந்தது. கண் திறந்திருந்தது. அண்ணாந்து யாரையோ பார்த்தது.

நெற்றியில் ஒட்டியிருந்த முடி மெல்ல ஒதுங்கியது. இன்னொரு முறை. மிகவும் பிரியமாக.

அடுத்த விளக்கு வந்தது. அவன் இமைகள், ஒன்றன்பின் ஒன்றாக, கீழே இழுத்து மூடப்பட்டன.