வயிறு கேட்ட மண்

லீவு சொல்லிவிட்டு வந்த அக்கா, பேட்டரி இருக்கிறதா என்று வாசலில் கருவியைப் போட்டுப் பார்த்தாள். டிக் டிக்கென்று பேச ஆரம்பித்தது. வீட்டில் அது இப்படிப் பேசக் கூடாது. மண்ணில் இயற்கையாகவே கிடக்கும் கதிர்வீச்சை அளப்பதுதான் அவள் பிழைப்பு. எது சகஜம், எது இல்லை என்று காதுக்கே தெரியும்.

தன்மேல்தான் ஏதும் ஒட்டி வந்ததோ என்று செருப்பை உதறினாள், பையைக் கவிழ்த்தாள், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஈரச் சுவரின் வாடைக்கும் குழாய் சொட்டும் ஓசைக்கும் நடுவே அந்தச் சத்தம் மட்டும் குறையாமல், தங்கை படுத்திருந்த அறைப் பக்கம் போகப் போகத் தடித்துக்கொண்டே வந்தது.

‘இந்த மண்ணுல பிள்ளைங்கள விளையாட விடாதீங்க, நாளடைவில் புற்றுநோய் வரலாம்’ என்று ஒரு தெருவையே எச்சரித்துவிட்டு, அங்கே அள்ளிய கறுப்பு மண்ணை மூட்டையோடு பின்கட்டில் போட்டு வைத்தவள் இவள்தான். ஆய்வகத்துக்கு அப்புறம் கொண்டுபோகலாம் என்ற சோம்பல். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை. ஓடிப்போய்ப் பார்த்தாள். மூட்டை வாய் பிரிந்து, பாதி காலியாகக் கிடந்தது.

கதவைத் தள்ளினாள். மழை பட்ட மண் வாசனை. திரைபோட்ட இருட்டில், ஏழுமாத வயிற்றோடு தங்கை சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் கிண்ணம். உதட்டோரம் கறுப்பு.

“எத்தனை நாளாடி இது?”

“திட்டாதேக்கா. நான் கேக்கலை. உள்ளேருந்து கேக்குது.”

முன்னே இரண்டு தங்கவில்லை. இதற்கும் துடிப்பு கேட்கவில்லை, துணிமணியோடு சாயங்காலம் வந்து சேருங்கள் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

அக்கா கருவியை அவள் வயிற்றின் மேல் வைத்தாள். மண்ணின் சத்தத்துக்கு ஒழுங்கு கிடையாது. சோளம் பொரிவது மாதிரி முன்னே பின்னே வரும்.

இது அப்படி இல்லை.

டிக். டிக். டிக். சீராக. துடிப்பாக.

கருவியை வயிற்றின் மேலேயே விட்டுவிட்டு, கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு, வெளியே கொட்ட ஜன்னலுக்குப் போனாள். சத்தம் இளைத்தது. டிக். வெகுநேரம் ஒன்றுமில்லை. டிக்.

“போகுதுக்கா.” தங்கை தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள், ஒரு கையால் கருவியை வயிற்றோடு அழுத்தியபடி. “இதுவும் போகுது.”

அப்புறம் அந்த ஒற்றை டிக்கும் இல்லை.

பாவி மனசு கேட்கவில்லை. அக்கா மண்டியிட்டாள். ஒரு பிடி அள்ளினாள். உருட்டினாள். தன் கையாலேயே ஊட்டினாள். தங்கை நறநறவென்று மென்று விழுங்கினாள்.

டிக்.

அக்கா அடுத்த பிடியை உருட்டினாள்.