நோனி வீட்டு அடுப்புக் கல்

மதியம் மூன்று மணி. அயர்லாந்தின் மேற்கு கிளேரில் மழை விடாமல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டின் முன்னே கார் நின்றும் கோர்மக் ஹெஹர் இறங்கவில்லை. பிடில் பெட்டி மடியிலேயே இருந்தது.

"இந்த வீடுதானா கிடைச்சுது உனக்கு?"

"இந்தச் சமையலறைத் தரை மாதிரி வேற எங்க இருக்கு?" அவன் வாசிப்பைப் பதிவு செய்ய நாட்டுப்பாடல் காப்பகத்திலிருந்து வந்த டெர்வ்லா பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "அடுப்புக் கல்லுக்கு அடியில குதிரை மண்டையோடு புதைச்சிருக்காங்களாம். அதனால மேல ஆடுற காலடிச் சத்தம் கணீர்னு கேக்குமாம். ஏன், இந்த வீட்டு நோனியோட ஆவிக்குப் பயமா?"

"அவ செத்து முப்பது வருஷமாச்சு. வாயை மூடிக்கிட்டு நட, பொண்ணே."

உள்ளே கரி ஏறிய சுவர், ஈரம். ஆனாலும் அப்போதுதான் யாரோ கணப்பு மூட்டியது போலப் புதுப் புகை வாசனை.

கோர்மக் தன் பெயர் தாங்கிய 'ரீல்' நடன மெட்டை வாசித்தான். 'ஹெஹரின் ரீல்'. ஊர் ஊராய் ஆட வைத்த மெட்டு.

முடிந்ததும் டெர்வ்லா வழக்கப்படி கேட்டாள்: "யார்கிட்டேர்ந்து எடுத்தீங்க?"

மெட்டு வாசித்தவன் கொடுத்தவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் அதுதான் மரியாதை.

"நானே கட்டினது."

"சரி. ஆனா ஒண்ணு சொல்லுங்க. உங்க மூணு ரெக்கார்டுலயும் காலால தாளம் போடுறது யாரு? முதல்ல கதவுக்கு வெளியே. ரெண்டாவதுல அறைக்குள்ள. மூணாவதுல உங்க முதுகுக்குப் பின்னால."

"என்ன தாளம்?"

"டக்... சர்ர். டக்... சர்ர்."

கோர்மக் வில்லைக் கீழே இறக்கினான். டப்ளினில் பதிவான மூன்று தடவையும் அறையில் அவன் மட்டும்தான் இருந்தான்.

நோனி கான்சிடைனுக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலின் செருப்புக்கு இரும்பு அடி; தாளம் போட்டால் தட்டி இழுபடும். இதே அடுப்பின் முன் விரித்து மூடி வாசிக்கும் துருத்திப்பெட்டியை மடியில் வைத்து, பத்தொன்பது வயது கோர்மக்குக்குத் தான் கட்டிய மெட்டைச் சொல்லிக்கொடுத்தாள். "எங்க வாசிச்சாலும் என் பேரைச் சொல்லுடா தம்பி. அது போதும்" என்றாள். அவன் சொல்லவில்லை. ரெக்கார்டு வெளியான பிறகு ஒரு கல்யாணத்தில் அவள் அந்த மெட்டை வாசித்தபோது, "கோர்மக்கோட மெட்டையா திருடுறே, நொண்டி?" என்று ஊரே சிரித்தது. அவனும்தான் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவள் துருத்திப்பெட்டியைத் தொடவே இல்லை.

டெர்வ்லா சற்றுமுன் எடுத்த பதிவை ஓடவிட்டாள். காதைப் பெட்டியருகே கொண்டுபோனாள்.

"இப்போ முன்னாடி கேக்குது... உங்களுக்கு நேர் முன்னாடி."

அடுப்புக் கல் அதிர்ந்தது.

டக்.

சர்ர்.

"யார்கிட்டேர்ந்துடா எடுத்தே?"

கோர்மக்கின் காதோரம், புகை மணக்கும் மூச்சு.

ஒரு பெயரைச் சொன்னால் போதும். ஆனால் அந்த மெட்டு போனால் கோர்மக் ஹெஹர் யார்?

"என்னோடது!" என்று கத்தினான். "பாக்குறியா?" பிடிலைத் தோளில் வைத்தான்.

வில் கம்பியைத் தொட்டது. ஒன்றும் வரவில்லை. முதல் சுரமே நினைவில் இல்லை. வேறொரு மெட்டைத் தேடினான். அதுவும் இல்லை. எதுவுமே இல்லை.

"டெர்வ்லா, அது எப்படிம்மா ஆரம்பிக்கும்?"

அவள் முனகிக் காட்டினாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. அவன் காதில் விழுந்தது டக், சர்ர் மட்டுமே.

"நோனிகிட்டேர்ந்து!" அவன் கல்லின் மேல் விழுந்து அலறினான். "நோனி கான்சிடைன்கிட்டேர்ந்து எடுத்தேன்! பதிவு பண்ணு, பண்ணு!"

"பண்ணிட்டேன், பண்ணிட்டேன்."

திருப்பி ஓடவிட்டாள். மழைச் சத்தம் இருந்தது. அவள் சொன்ன "பண்ணிட்டேன்" இருந்தது. அவன் அலறிய இடம் மட்டும் வெறுமையாக ஓடியது.

டெர்வ்லா பதிவுப் பெட்டியை அணைத்தாள். அதன் ஒயரையும் பிடுங்கிச் சுற்றினாள்.

அணைந்த பெட்டிக்குள்ளிருந்து, மிகப் பொறுமையாக:

"கேக்கலையேடா தம்பி. இன்னொரு தரம் சொல்லு."