திரண்டு வரும் பஞ்சு

கடற்பஞ்சு மறுபடியும் திரண்டிருந்தது. நேற்று மாலை வீட்டுக்குக் கிளம்புமுன் ஆய்வாளர் மாரித் அதை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்து, கஞ்சிபோலக் கரைத்துக் கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தாள். கடலடியில் வாழும் அந்த உயிரின் குணமே அதுதான். எவ்வளவு கலைத்தாலும் செல்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் உருண்டையாகத்தான் ஒட்டும். இது ஐந்து கிளை விட்டிருந்தது.

நண்பகல்தான். நார்வேயின் வடகோடியிலுள்ள டிரோம்சோவில் டிசம்பர் பகலுக்கு ஏது வெளிச்சம்? ஜன்னலுக்கு வெளியே கரிய கடல், உள்ளே குளிர்நீரை இறைக்கும் மோட்டாரின் ஓயாத முனகல், கையுறையையும் மீறி விரலில் ஏறிவிட்ட உப்பு வாடை. வீட்டில் எய்லிஃபின் சட்டைகளிலும் அதே வாடைதான். அவள் இன்னும் துவைக்கவில்லை.

எய்லிஃப் அவள் கணவன். அக்டோபரில் இந்தப் பஞ்சைத் தேடிக் கடலுக்குள் இறங்கியவன் மேலே வரவில்லை. பஞ்சு கிடந்த வலைப்பை மட்டும் கயிற்றோடு வந்தது. அந்தப் பஞ்சின் சாறு மலேரியா ஒட்டுண்ணியை ரத்தத் துளிக்குள்ளேயே கொன்றது. எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைக்கும் மருந்து, ஆனால் கையில் மிஞ்சியிருப்பதோ ஒரு பிடி. பெருக்க வேண்டுமானால் செல்கள் தனித்தனியே நிற்க வேண்டும். அவன் போனது வீண்போகக் கூடாதென்று மாரித் பிடிவாதமாகப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஆய்வகத் தலைவர் ஓட்வார் காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.

“திரும்பவும் கட்டி தட்டிடுச்சா? பிழிஞ்சு விட்டுடு. ரொம்பத்தான் அடம் பிடிக்குது.”

“எய்லிஃபும் அப்படித்தான்.”

அவர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

துணியை விரித்தாள். பஞ்சை அள்ளக் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஐந்தாவது கிளை உள்பக்கம் வளைந்திருந்தது. படகின் சங்கிலியில் சிக்கி ஒடிந்து, கோணலாகவே ஒட்டிப்போன எய்லிஃபின் சுண்டுவிரல் அது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்குவாள்.

முதல் தடவை திரண்டபோது பெரிதாக, உருண்டையாக இருந்தது. மேலே இரண்டு குழிகள். பஞ்சுக்குக் குழி இல்லாமலா என்று நினைத்தாள். பிடிமானத்துக்காக அந்தக் குழிகளில் கட்டைவிரல்களை ஊன்றித்தான் பிழிந்தாள். அடுத்த தடவை நெஞ்சுக்கூடுபோல ஏதோ வரிவரியாக. அதையும் பிழிந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் துணியில் தங்கிப்போனது. துணியை அலசிக் கொட்டினாள்.

வந்துகொண்டே இருந்திருக்கிறான். பாவி, நான்தான் விடவில்லை.

கையுறையைக் கழற்றினாள். வெறுங்கையைத் தண்ணீரில் விட்டாள்.

“நான்தான். இனிமே பிழிய மாட்டேன். வந்துடு.”

மோட்டார் முனகியது. தண்ணீர் சுருக்கென்று கடித்தது. பஞ்சின் விரல்கள் அசைந்தன.

பின்னால் நகர்ந்தன.

ஒவ்வொன்றாக மடங்கி, தொட்டியின் கடைசி மூலையில் ஒண்டி, நடுங்கின. அவள் அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் கையை நீட்டினாள். அவள் தொடுவதற்கு முன்பே, சுண்டுவிரலிலிருந்து, அது தானாக உதிரத் தொடங்கியது.